இலங்கை மலைநாட்டில் வழிகாட்டி வேலை: நடந்த பாதையைச் சுயவிபரக் கோவையில் எழுதும் முறை

தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வளர்ந்த நமக்கு மலையில் ஆட்களை அழைத்துச் செல்வது புதிதல்ல. அந்தப் பழக்கத்தைத் தகுதியாக எழுதிக் காட்டுவதுதான் புதிது. 11 விண்ணப்பங்களுக்குப் பதிலே வராமல், 12ஆவதில் ஹப்புத்தளைப் பக்கம் உதவி வழிகாட்டியாகச் சேர்ந்த பிறகுதான் எங்கே தவறினேன் என்பது எனக்கு விளங்கியது.

முதலில், தேடும் இடம். கித்துல்கலயில் களனி ஆற்றுப் படகோட்டம், எல்லயில் ஸிப்லைன் (கம்பியில் தொங்கிச் சறுக்கும் விளையாட்டு), ஹோட்டல்களில் இயற்கை வழிகாட்டிப் பணி எனப் பல வழிகள் உண்டு. கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவில் முடியும் பீக்கோ டிரெயில் என்னும் நடைப்பயணப் பாதை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கும் மேல் நீள்கிறது. அது பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களை ஊடறுத்துச் செல்வதால், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கே தனி இடம் இருக்கிறது. டொப்ஜொப்ஸ் போன்ற வேலைவாய்ப்பு இணையத்தளங்களில் நான் கண்டவை பெரும்பாலும் ஹோட்டலின் உள்வேலைகளே. சிறிய மலையேற்ற நிறுவனங்கள் தங்கள் பேஸ்புக் பக்கத்தில் அறிவித்துவிட்டு இரண்டு மூன்று நாட்களில் ஆளை எடுத்துவிடுகின்றன என்பதால், அந்தப் பக்கங்களைத் தொடர்ந்து பார்த்து வருவதையே நான் பரிந்துரைப்பேன். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பயணிகள் அதிகம். ஆகவே விண்ணப்பத்தை ஒக்டோபரிலேயே அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, சான்றிதழ்கள். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சியை முதலில் முடியுங்கள். பயணிகளுக்கு வழிகாட்டியாகத் தொழில் செய்ய இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் தேவை. அதற்கான பயிற்சிக்கு எப்போது விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பதையும் சுயவிபரக் கோவையில் ஒரு வரியில் சொல்லுங்கள்.

இனி, நான் இடறி விழுந்த இடத்துக்கு வருகிறேன். என் பழைய கோவையின் முதற்பாதியில் முழுப்பெயர், தந்தையின் பெயர், மதம், இனம், சாதாரண தரப் பெறுபேறு ஆகியவை நிறைந்திருந்தன. கடைசி வரியில் மட்டும் "பொழுதுபோக்கு: மலையேறுதல்" என்றிருந்தது. ஆள் எடுப்பவர் அறிய விரும்புவது மூன்றைத்தான்: இவருக்குப் பாதை தெரியுமா, ஆபத்தில் ஆளைக் காப்பாரா, விருந்தினரோடு பேசுவாரா. அந்த மூன்றுக்கும் விடை பக்கத்தின் மேற்பகுதியிலேயே இருக்க வேண்டும். நான் அந்த ஒரு வரியை இப்படி மாற்றினேன்: "சிவனொளிபாதமலை (2,243 மீற்றர்), நல்லதண்ணி வழியாக 9 தடவை, அவற்றில் 4 இரவு ஏற்றம், 12 பேர் கொண்ட குழுவில் கால் பிசகிய ஒருவரைக் கட்டுப்போட்டுக் கீழே இறக்கிய அனுபவம்." பாதை, எண்ணிக்கை, நேரம், நடந்த சம்பவம் ஆகிய நான்கும் இந்த ஒரே வரியில் வந்துவிடுகின்றன. கோயில் திருவிழாவுக்கு நடந்ததும், உறவினரை அழைத்துச் சென்றதும் அனுபவமே; ஆனால் செல்லாத இடத்தை ஒருபோதும் எழுதாதீர்கள், ஏனெனில் நேர்முகத்தில் "அந்தப் பாதையில் தண்ணீர் எங்கே கிடைக்கும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

மொழிகளையும் மேலேயே எழுதுங்கள். தமிழ் தாய்மொழி என்பதைச் சிலர் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அது பெரும் தவறு. கொழுந்து எடுக்கும் அக்காமாரிடம் மரியாதையாகப் பேசி, அவர்கள் சொல்வதைப் பயணிகளுக்கு விளக்கக்கூடியவர் நாம்தாம். சிங்களம், ஆங்கிலம் எந்த அளவுக்கு வரும் என்பதை உள்ளபடி குறிப்பிடுங்கள்.

கோவை ஒரே பக்கமாக இருக்கட்டும். என்னிடம் கேட்டால் கூகுள் டொக்ஸே போதும். கென்வா என்ற வடிவமைப்புச் செயலியில் பக்கத்தை இரண்டு நிரலாகப் பிரிக்கும் வடிவங்கள் அழகாக இருந்தாலும் கைத்தொலைபேசியில் பெரிதாக்கி நகர்த்தி நகர்த்தித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. வேர்ட் கோப்பை அப்படியே அனுப்பினால் வரிகள் குலைந்துவிடும் என்பதால் பீ.டீ.எஃப். ஆக மாற்றி, கோப்புக்கு உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் இடுங்கள்.

பின்சேர்க்கை: இதன் முதல் வடிவத்தை வாசித்தவர்கள், லயத்து (தோட்டக் குடியிருப்பு) முகவரியை எப்படி எழுதுவது என்று கேட்டார்கள். எனக்கு வந்த ஒரு நேர்முகக் கடிதம் தோட்ட அலுவலகத்தில் 9 நாட்கள் கிடந்து, நேர்முகம் முடிந்த மறுநாள்தான் கைக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து தொலைபேசி, வட்ஸ்அப், மின்னஞ்சல் ஆகியவற்றைப் பெயருக்கு நேர் கீழேயே எழுதி, "மின்னஞ்சலில் அறிவிக்கவும்" என்றும் சேர்க்கிறேன். முகவரியில் தோட்டம், டிவிஷன், தபால் நகரம் மூன்றும் இருந்தால் போதும்.

சான்று பகர்பவர் பற்றியும் கேட்டார்கள். உறவினரைப் போடாமல், உங்களோடு மலையில் நடந்த ஆசிரியரையோ முதலுதவிப் பயிற்றுநரையோ போடுங்கள். அவரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, கோவையின் பிரதியொன்றையும் கொடுத்து வையுங்கள். என் விடயத்தில் நிறுவனம் முதலில் அழைத்தது என்னையல்ல, அவரைத்தான்.