எண்ணும் பேச்சும் முரண்படும்போது: திட்ட மதிப்பீட்டில் இரு முறைகளை இணைத்தல்

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைச் சில ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் மதிப்பிட்டபோது, எண் தரவையும் பேட்டிகளையும் இணைக்க நான் கற்றுக்கொண்ட முறை இது. மாதிரி எடுப்பதும் வினாநிரல் தயாரிப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன்.

படி 1: கேள்வியைப் பிரித்து எழுதுங்கள். வருகை எவ்வளவு கூடியது என்பதற்கு எண் வேண்டும். யாருக்குக் கூடவில்லை, ஏன் என்பதற்குப் பேட்டி வேண்டும்.

படி 2: எண் தரவை முதலில் திரட்டுங்கள். வருகை உயர்ந்த, மாறாத, குறைந்த குழந்தைகள் என மூன்று வகையினரின் தாய்மாரையும் பேட்டிக்குத் தேர்ந்தெடுக்க அந்த எண்களே வழிகாட்டும்.

படி 3: ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே குறியீட்டு எண்ணை இரு தரவுகளிலும் இடுங்கள். நான் கணக்கெடுப்பில் வரிசை எண்ணையும் பேட்டிக் குறிப்புகளில் தாயின் பெயரையும் எழுதிவைத்ததால், ஒரே பெயருடைய பலர் இருந்த ஊரில் எந்தப் பேட்டி எந்தக் குழந்தைக்குரியது என்று தெரியாமல், மீண்டும் வீடுவீடாகச் செல்ல நேர்ந்தது. களத்துக்குப் புறப்படும் முன்பே குறியீட்டுப் பட்டியலை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

படி 4: ஒரே அட்டவணையில் இடப்பக்கம் எண்ணையும் வலப்பக்கம் அவர்கள் சொன்ன சொற்களையும் வையுங்கள். முறைகள் உண்மையில் இணைவது இங்கேதான். இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாக எழுதினால் அவை இணைவதே இல்லை. எங்கள் அட்டவணையில் வருகை விழுக்காடு பெரிதாக மாறவில்லை; ஆனால் தாய்மாரும், சமைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவினரும், பிள்ளைகளிடம் பெரிய மாற்றம் தெரிகிறது என்றே சொன்னார்கள். ஒரு தரப்பைப் பொய் என்று ஒதுக்காமல் மறுபடி விசாரித்தபோது, தாமதமாக வந்த குழந்தைக்கும் பதிவேட்டில் வருகை பதிவாகிவிடுவது தெரிந்தது. மாறியிருந்தது வருகை நாள்களின் எண்ணிக்கை அல்ல, வரும் நேரம். நாங்கள் அளந்த அளவுகோல் அதைப் பிடிக்கவில்லை. ஆகவே, பள்ளி வாசலில் நின்று வரும் நேரத்தைக் குறிக்கும் சிறு கணக்கெடுப்பு ஒன்றைச் சேர்த்தோம். முரண்பாடு தோன்றும்போது இப்படி மீண்டும் களத்துக்குச் செல்ல, தொடக்கத்திலேயே நாள்களை ஒதுக்கிவிடுங்கள்.

கருவிகளில், இணைய வசதி இல்லாத இடத்திலும் தமிழ் வினாநிரலோடு இயங்கும் கோபோ டூல்பாக்ஸ் என்னும் தரவு திரட்டும் மென்பொருளையே பரிந்துரைப்பேன். இருபது முப்பது பேட்டிகளைப் பகுப்பதற்குக் கட்டண மென்பொருள் தேவையில்லை. லிப்ரேஆபிஸ் கால்க் என்னும் இலவச விரிதாள் மென்பொருளில் ஒரு கூற்றுக்கு ஒரு வரி என்று வைத்தாலே போதும்.

பிற்சேர்க்கை: பொதுவான குறியீட்டு எண் பேட்டியளித்தவரைக் காட்டிக்கொடுக்காதா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். காட்டிக்கொடுக்கும். எனவே பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் பட்டியலைத் தரவுக் கோப்புகளிலிருந்து பிரித்துக் கடவுச்சொல்லிட்டு வையுங்கள். சிறிய பள்ளியாக இருந்தால், அறிக்கையில் வகுப்பையும் ஊரையும் சேர்த்து எழுதாதீர்கள்.