வென்டிலேட்டர் காற்றை ஈரமாக்கும்போது விடும் தவறுகள்

மாரி காலத்தில் மட்டக்களப்பில் காயப்போட்ட துணி காயாது. வாவிப் பக்கத்துக் காற்றே நனைந்துதான் வரும். இந்த ஊரில் நோயாளருக்கு வேறு ஈரம் எதற்கு என்று நினைப்பதுதான் முதல் பிழை. 30 பாகை வெப்பத்தில் முழுக்க ஈரமேறிய காற்றிலும் லீட்டருக்கு 30 மில்லிகிராம் அளவு நீர்தான் இருக்கும். நுரையீரலுக்குத் தேவை 37 பாகையில் 44. சுவரிலிருந்து வரும் ஒட்சிசனோ முற்றாக உலர்ந்தது. மூச்சுக்குழலுக்குள் குழாய் போட்டவருக்கு அது மூக்கைத் தொடாமல் நேரே உள்ளே போகிறது. சளி இறுகி, பொருக்காகி, கடைசியில் குழாயையே அடைக்கும்.

அடிக்கடி தவறுவது சூடேற்றும் ஹியூமிடிஃபயரின் (நீரைச் சூடாக்கிக் காற்றை ஈரமாக்கும் கருவி) நிலையை மாற்ற மறப்பது. மாஸ்க்கில் இருந்தவருக்குக் குழாய் போட்டாயிற்று, கருவி மட்டும் மாஸ்க் நிலையிலேயே நிற்கும். பல கருவிகளில் அந்த நிலையில் நீர்க்கிண்ணம் 31 பாகைதான். கிடைக்கும் ஈரம் 32 மில்லிகிராம். குழாய் போட்டவருக்குக் குறைந்தது 33 வேண்டும். குழாய் போட்ட கையோடு அந்த பட்டனைப் பாருங்கள். கிண்ணத்தில் கிருமியழித்த வடித்த நீர் மட்டுமே ஊற்றவேண்டும். சேலைன் ஊற்றினால் உப்புப் படியும். காற்றோட்டம் தொடங்குமுன் சூட்டைப் போடாதீர்கள். முதல் மூச்சே சுடும்.

ஏசி குளிர் நேரே வென்டிலேட்டரின் காற்றுக்குழாயில் அடித்தால் உள்ளே நீர் கோர்க்கும். தாழ்ந்த வளைவில் அது தளும்ப, வென்டிலேட்டர் திரையில் அலை நடுங்கும். அதை மூச்சென்று எண்ணி, நோயாளர் மூச்சு இழுக்காமலே இயந்திரம் மூச்சுக் கொடுக்கும். அப்படியே அவரைப் புரட்டினால் அந்த அழுக்கு நீர் நெஞ்சுக்குள் போய்விடும். புரட்டுமுன் கையுறை போட்டு, நோயாளருக்கு எதிர்ப்பக்கமாக வடித்துவிடுங்கள். திரும்பக் கிண்ணத்துக்குள் விடவே கூடாது. ஹியூமிடிஃபயர் எப்போதும் நோயாளரைவிடத் தாழ்வாக இருக்கட்டும்.

எச்எம்இ வடியை (வெளிவிடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துத் திருப்பிக் கொடுப்பது) ஹியூமிடிஃபயரோடு சேர்த்துப் போடாதீர்கள். வடி நீரில் ஊறி மூச்சை மறிக்கும். நெபுலைசர் கொடுக்கும்போதும் அதைக் கழற்றவேண்டும். உடல் வெப்பம் 32 பாகைக்குக் கீழே போனாலும், இரத்தம் கலந்த சளி வந்தாலும் வடி சரிவராது. அம்பாறை வயல் பக்கங்களில் பூச்சிநாசினி நஞ்சோடு வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதலில் சளி பெருகி வடியை நனைக்கும். மாற்று மருந்தான அட்ரோபின் ஏறியதும் அதே சளி காய்ந்து இறுகும். இரண்டு கட்டத்துக்கும் சூடேற்றும் ஹியூமிடிஃபயரே ஏற்றது.

ஈரம் போதுமா என்று அறிய இரண்டு இடம் பாருங்கள். நோயாளர் பக்கத்து நெளிகுழாயின் உள்ளே நுண்துளிகள் தெரியவேண்டும். சளி உறிஞ்சும் சக்ஷன் குழாயில் நீரை இழுத்தபின்னும் சளி சுவரில் ஒட்டியே நின்றால் ஈரம் காணாது.