எத்தியோப்பியப் பெண்களின் எழுத்தறிவு: எண்களை எடுத்தாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூட்டல் பிழை, ஆண்டை மாற்றிப் போடுவது போன்றவற்றை யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். பார்வைக்குச் சரியாகத் தெரியும் தவறுகள்தான் அச்சுவரை போகின்றன.

ஐந்து எண்களை ஒரே கோட்டில் கோப்பது

எத்தியோப்பியாவைக் கையில் எடுக்கும் புதியவருக்குச் சீக்கிரமே இவை கிடைத்துவிடும்: 2005-ல் 29 சதவீதம், 2007-ல் 28.9, 2011-ல் 38, 2016-ல் 42, 2017-ல் 44.4. எல்லாமே பெண்களின் எழுத்தறிவு. எக்செலில் போட்டால் கோடு அழகாக ஏறும். உடனே கதையும் பிறக்கும்: 2007 வரை தேக்கம், அடுத்த நாலே ஆண்டில் ஒன்பது புள்ளிப் பாய்ச்சல். பாய்ச்சலுக்குக் காரணம் தேடி இரண்டு பத்தி, ஏதாவதொரு திட்டத்துக்குப் பாராட்டு. நடக்காத ஒன்றுக்குக் காரணம் கண்டுபிடிக்கும் இந்த வேலை இன்னும் ஓய்ந்தபாடில்லை.

29, 38, 42 மூன்றும் மக்கள்தொகை-சுகாதார மாதிரி ஆய்வின் (DHS) எண்கள். அதில் 15 முதல் 49 வயதுப் பெண்கள் மட்டுமே உண்டு. 28.9, 44.4 இரண்டும் யுனெஸ்கோ அட்டவணையில் இருப்பவை. 15 வயதைத் தொட்ட எல்லோரும், பாட்டிமார் உட்பட. 2007-ல் ஐம்பதைத் தாண்டியவர் 1957-க்கு முன் பிறந்தவர். பேரரசர் காலத்துக் கிராமத்தில் பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது அபூர்வம். அவர்களைச் சேர்த்தால் விகிதம் இறங்கும், விட்டால் ஏறும். அந்தப் பாய்ச்சலில் ஒரு பங்கு, பாட்டிமார் கணக்கைவிட்டு வெளியேறியதுதான்.

அளக்கும் விதமும் வேறு. மாதிரி ஆய்வில் "விவசாயம் கடினமான வேலை", "குழந்தை புத்தகம் படிக்கிறது" போன்ற ஒரு வாக்கியம் அச்சிட்ட அட்டையைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள். யுனெஸ்கோ அட்டவணைக்குத் தரவு தரும் குடிக்கணக்கெடுப்பு போன்றவற்றில் எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேள்விதான். பெரும்பாலும் வீட்டில் ஒருவரே எல்லோருக்குமாகப் பதில் சொல்லிவிடுவார். வயதை மட்டும் வைத்துப் பார்த்தால் 2017-ன் எண் 42-ஐவிடக் குறைந்திருக்க வேண்டும். கூடியிருக்கிறது! ஒரே ஆண்டில் பாட்டிமார் படித்துவிட்டார்கள் என்பதைவிட, அளவுகோல் வேறு என்பதே நம்பக்கூடியது.

போக்கைக் காட்ட ஒரே மூலத்தை எடுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தனிக் கோடுகள், ஒவ்வொன்றின் அடியிலும் வயது வரம்பு.

"எழுத்தறிவு" என்றால் எழுதத் தெரியும் என்று நினைப்பது

அட்டைச் சோதனையில் யாரும் எழுதுவதில்லை. வாக்கியத்தில் ஒரு பகுதியைப் படித்தாலே எழுத்தறிவு பெற்றவர் பட்டியலில் சேர்ந்துவிடுவார். குறிப்பிட்ட வகுப்புக்கு மேல் படித்தவருக்கு அட்டையே காட்டுவதில்லை, படிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்வார்கள். அந்த வகுப்பு எது என்பதும் சுற்றுக்குச் சுற்று மாறக்கூடியது. வினாத்தாளைத் திறந்து பார்க்காமல் இரண்டு சுற்றுகளை ஒப்பிடாதீர்கள்.

அட்டை இல்லாதவரை மறப்பது

"தேவையான மொழியில் அட்டை இல்லை" என்று ஒரு கட்டம் அட்டவணையில் உண்டு. அதில் விழுந்தவர் மொத்தத்தில் இருப்பார், எழுத்தறிவு பெற்றவர் எண்ணிக்கையில் இருக்கமாட்டார். 2016-ல் வினாத்தாள்கள் அம்ஹாரிக், ஓரோமோ, திக்ரின்யா மொழிகளில்தான் பெயர்க்கப்பட்டன. எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு அது. வேறு மொழி பேசும் மாநிலத்தின் எண் விசித்திரமாகக் குறைந்தால் முதலில் இந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

எழுத்துருச் சிக்கலும் உண்டு. 1979-ல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம் 15 மொழிகளில் நடந்தது, எல்லாமே அம்ஹாரிக் எழுதப்படும் கீயஸ் எழுத்தில். 1991-ல் ஓரோமோ இலத்தீன் எழுத்தான குபேவுக்கு மாறியது. அந்த இயக்கத்தில் கீயஸில் ஓரோமோ கற்ற பெண்ணிடம் குபே அட்டையைக் கொடுத்தால் அவர் முழிக்கத்தான் செய்வார்.

எடை போடாமல் சராசரி எடுப்பது

அடிஸ் அபாபா, ஹராரி, திரே தாவா ஆகியவற்றில் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகப் பெண்களைப் பேட்டி கண்டிருப்பார்கள். அப்படியே சராசரி எடுத்தால் அந்த இடங்களின் பங்கு மிகையாகும். மாதிரி ஆய்வின் மூலத் தரவில் ஒவ்வொரு பெண்ணுக்குமான எடை v005 என்ற பத்தியில் இருக்கும், அதைப் பத்து லட்சத்தால் வகுத்து எடையாகப் போடுங்கள்.

இடைவெளியை ஒரே வழியில் அளப்பது

2011-ல் ஆண்கள் 65, பெண்கள் 38. 2016-ல் 69, 42. கழித்தால் இரண்டு முறையும் 27 புள்ளி. வகுத்தால் 0.58, 0.61. ஒருவர் "மாற்றமே இல்லை" என்பார், இன்னொருவர் "குறைகிறது" என்பார். இரண்டையும் எழுதுங்கள்.

விகிதம் உயர்ந்தால் முதியோர் வகுப்பு பலித்தது என்பது

2007-ல் 5 முதல் 14 வயதாக இருந்த சிறுமியர் 2017-ல் கணக்குக்குள் வந்துவிட்டார்கள். 1994-ன் கல்விக் கொள்கைக்குப் பிறகு பெருகிய தொடக்கப் பள்ளிகளில் படித்தவர்கள் இவர்கள். முதியவரில் ஒருவர்கூட ஓர் எழுத்தும் கற்காமலே விகிதம் ஏறும். வகுப்பின் பலனைத் தேடுபவர் ஒரே பிறப்பாண்டுக் குழுவைத் தொடர வேண்டும்: 2005-ல் 25-29 வயதுக்காரர்களை, 2016-ல் 36-40 வயதில். அறிக்கையின் ஐந்தாண்டுக் கட்டங்கள் இதற்குப் பொருந்தாது, மூலத் தரவிலிருந்து ஒற்றை வயதாக எடுக்க வேண்டும்.