ஜூஸ் பிழிந்த சக்கையை என்ன செய்வது?

தில்லியில் நவம்பர் பிறந்தால் தள்ளுவண்டிகளில் சிவப்பு கேரட் வந்துவிடும். நம் ஊரில் கிடைக்கும் ஆரஞ்சு நிற ஊட்டி கேரட் இல்லை. நீளமாய், ரத்தச் சிவப்பாய், கடித்தால் சாறு தெறிக்கும் கேரட். பிப்ரவரி வரை மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் காலையில் அதுதான் ஜூஸ்: அரைக் கிலோ கேரட், ஒரு சின்ன பீட்ரூட், இரண்டு நெல்லிக்காய், ஒரு துண்டு இஞ்சி. குடித்து முடித்தால் ஒரு கிண்ணம் சக்கை மிஞ்சும். போனில் அம்மாவிடம் சொன்னேன். "காயாகக் கடித்துத் தின்றால் சக்கையே வராதேடி" என்றாள். அதுவும் சரிதான். ஆனாலும் ஜூஸ் குடிக்கிற வீடு குடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கிண்ணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சக்கை என்பது துருவிய காய் இல்லை. தண்ணீரும் இனிப்பும் சாற்றோடு போய்விட்டன. மிச்சம் இருப்பது பெரும்பாலும் நார். பீட்டா கரோட்டினும் கொஞ்சம் தங்கியிருக்கும். அது கொழுப்பில் கரைவது என்பதால் எண்ணெயோ நெய்யோ சேர்த்துச் சமைத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். சக்கைக்கு என்று சொல்லிக்கொள்ளும்படி ருசி கிடையாது. ஆகவே உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் ஒரு சிட்டிகை தூக்கலாகவே போடுங்கள்.

இது தெரியாமல்தான் முதல் வருஷம் கேரட் அல்வா கிளறினேன். அரை லிட்டர் பால், கை நிறைய முந்திரி. வந்தது பாலில் ஊறிய மரத்தூள். அல்வாவுக்கு முழுக் கேரட்டைத்தான் துருவ வேண்டும்.

படி 1: வேலை ஜூஸுக்கு முன்பே தொடங்குகிறது

மிக்ஸியில் போவதெல்லாம் சக்கையிலும் இருக்கும். கேரட்டின் காம்புப் பக்கத்தை வெட்டி, தோலைச் சீவிவிடுங்கள். நெல்லிக்காயில் கொட்டை எடுங்கள். எலுமிச்சையைத் தோலோடு போடாதீர்கள், சக்கை கசந்துவிடும்.

முக்கியமான விஷயம்: கேரட்டையும் பீட்ரூட்டையும் முதலில் பிழிந்து அந்தச் சக்கையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் இஞ்சி, நெல்லிக்காயைப் பிழியுங்கள். இஞ்சி நார் பல்லில் சிக்கும், நெல்லிக்காய் துவர்க்கும். அந்த இரண்டாவது சக்கை உரத்துக்குப் போகட்டும்.

சுரைக்காய் ஜூஸ் குடிப்பவர்கள் வெட்டியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் சாறும் வேண்டாம், சக்கையும் வேண்டாம், முழுதாகத் தூக்கிப் போடுங்கள். கசப்புச் சுரைக்காய்ச் சாறு உயிருக்கே ஆபத்தாகலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) நிபுணர் குழுவே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

படி 2: கைப்பிடிச் சோதனை

ஒரு பிடி சக்கையை எடுத்து அழுத்துங்கள். சொட்டினால் ஈரம் அதிகம், துணியில் கட்டி இன்னொரு முறை பிழியுங்கள். பிடிகொழுக்கட்டை போல நின்றால் சரி. உதிர்ந்து போனால் (மெதுவாகப் பிழியும் ஸ்லோ ஜூஸரில் இப்படித்தான் வரும்) இரண்டு ஸ்பூன் தண்ணீரோ மோரோ தெளித்துப் பிசிறுங்கள்.

உடனே சமைக்காவிட்டால் மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வெயில் காலத்தில் மேடையில் அப்படியே விட்டுவிடாதீர்கள், சீக்கிரம் புளித்த வாடை வந்துவிடும். நான் ஐஸ் ட்ரேயில் அழுத்தி ஃபிரீஸரில் உறைய வைத்து, கட்டிகளைக் கவரில் போட்டுக்கொள்கிறேன். ஒரு கட்டி சுமார் இரண்டு மேசைக்கரண்டி.

படி 3: அடை

புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதிலிருந்தே தொடங்குங்கள். அடை எதையும் மன்னிக்கும்.

புழுங்கலரிசி ஒரு கப், துவரம்பருப்பு அரை கப், கடலைப்பருப்பு அரை கப், உளுத்தம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஐந்து. மூன்று மணி நேரம் ஊறட்டும். தில்லிக் குளிரில் குழாய்த் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் ஊறாது, வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள். பெருங்காயமும் உப்பும் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள்.

அப்புறம் முக்கால் கப் சக்கை, பொடியாக நறுக்கிய வெங்காயம், கறிவேப்பிலை. (இங்கே காய்காரர் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் கொசுறாகப் போடுவார், கறிவேப்பிலை மட்டும் கேட்டு வாங்க வேண்டும்.) கலந்த உடனே வார்க்காதீர்கள். பத்து நிமிஷத்தில் சக்கை மாவின் தண்ணீரை இழுத்துக்கொண்டு கெட்டியாகும். அப்போது பார்த்துத் தேவையான தண்ணீர் விடுங்கள். இதைச் செய்யாமல்தான் பலருக்கும் அடை வறண்டு விரிசல் விடுகிறது.

கல் காய்ந்ததும் மாவைக் கனமாகப் பரப்பி, நடுவில் ஓட்டை போட்டு, ஓட்டையிலும் சுற்றிலும் நல்லெண்ணெய் விடுங்கள். அடுப்பு மிதமாகவே எரியட்டும். பீட்ரூட் சேர்ந்த மாவு ஊற்றும்போதே சிவப்பாக இருக்கும், அதனால் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. ஓரம் தானாகக் கல்லை விட்டு எழும்புகிறதா, சலசலப்பு அடங்கிவிட்டதா என்று பார்த்துத் திருப்புங்கள். சூடு பட்டால் பீட்ரூட்டின் சிவப்பு மங்கிப் பழுப்பாகும், பயப்பட வேண்டாம்.

படி 4: துவையல்

இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, நான்கு மிளகாய், பெருங்காயம் மூன்றையும் நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே வாணலியில் ஒரு கப் சக்கையை வதக்குங்கள். ஐந்தாறு நிமிஷத்தில் பச்சை வாசனை போய், சக்கை சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும். ஆறவிட்டு, கோலிக்குண்டு அளவு புளி, உப்பு, இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவலோடு அரைக்க வேண்டும். பருப்பைக் கடைசியில் போட்டு ஒரு சுற்று சுற்றினால் போதும். சுடுசோறும் நெய்யும் இருந்தால் மதியச் சாப்பாடு முடிந்தது.

படி 5: பராத்தா

இதைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியிடம் கற்றேன். இரண்டு கப் கோதுமை மாவுக்கு அரை கப் சக்கை, ஓமம், உப்பு, ஒரு ஸ்பூன் நெய். முதலில் தண்ணீரே விடாமல் பிசையுங்கள், சக்கையின் ஈரமே பாதி வேலையைச் செய்துவிடும். தொட்டுக்கொள்ளத் தயிரும் ஊறுகாயும்.

எதற்கும் ஆகாத சக்கை

பாகற்காய், இஞ்சி, நெல்லிக்காய்ச் சக்கையெல்லாம் உரத் தொட்டிக்குத்தான். தொட்டிச் செடியின் மேல் அப்படியே கொட்டாதீர்கள். நான் கொட்டினேன், மூன்றே நாளில் துளசியின் அடியில் வெள்ளைப் பூஞ்சணம், பொடி ஈக்கள். ஓட்டை போட்ட பெயின்ட் வாளியில் ஒரு பங்கு சக்கைக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை என்று அடுக்கடுக்காகப் போட்டு, வாரம் ஒரு முறை கிளறிவிடுங்கள். ஈரம் கூடினால்தான் நாறும். இன்னும் கொஞ்சம் காய்ந்த இலை போட்டால் அடங்கிவிடும்.

மார்ச் மாதத்தில் எங்கள் காலனி வேப்பமரங்கள் இலையாகக் கொட்டும். பெருக்குகிறவர் குவித்து வைத்ததும் ஒரு சாக்கு கேட்டு வாங்கி பால்கனி மூலையில் வைத்துவிடுவேன். கேரட் அதற்குள் முடிந்திருக்கும். அடுத்த நவம்பருக்கு ஆகும்.