கைடு கர்வ் கொண்டு வழுவழுப்பான ஸ்வீப் பரப்பை உருவாக்குதல்: ஷாம்பு பாட்டில் ஒன்றின் செய்முறை

கணினியில் முப்பரிமாண மாடல்களை வடிவமைக்கும் மென்பொருளான சாலிட்வொர்க்ஸில் ஸ்வீப் கட்டளை, புரொஃபைல் எனப்படும் வெட்டுமுகத்தைப் பாதை ஒன்றின் வழியே நகர்த்திப் பரப்பை உருவாக்குகிறது. பாதை மட்டும் இருந்தால் வெட்டுமுகத்தின் அளவு எங்கும் மாறாது. அடியில் அகன்று, இடையில் சிறுத்து, கழுத்தில் குறுகும் ஷாம்பு பாட்டிலுக்கு, வெட்டுமுகம் ஒவ்வோர் உயரத்திலும் எவ்வளவு விரிய வேண்டும் என்பதைச் சொல்லும் கைடு கர்வ் தேவைப்படுகிறது. பரப்பின் வழுவழுப்பு இந்தக் கோடுகளிலேயே தீர்மானமாகிவிடுவதால், கவனம் முழுவதையும் ஸ்கெட்ச்சில், அதாவது தளத்தில் வரையும் கோட்டுப்படத்தில், செலுத்துங்கள்.

முதலில் ஃப்ரண்ட் பிளேனில் (முன்தளத்தில்), ஆரிஜின் எனப்படும் மூலப்புள்ளியிலிருந்து மேல்நோக்கி 200 மி.மீ. நேர்கோடு ஒன்றை வரைந்து ஸ்கெட்ச்சை மூடுங்கள். இதுவே பாதை.

அடுத்து, அதே பிளேனில் தனி ஸ்கெட்ச் ஒன்றைத் திறந்து, ஆரிஜினின் மட்டத்தில் 40 மி.மீ. தள்ளித் தொடங்கி, பாதையின் உச்சி மட்டத்தில் 15 மி.மீ. தள்ளி முடியும் ஸ்பிளைனை (புள்ளிகள் வழியே செல்லும் வளைகோட்டை) வரையுங்கள். இதுவே முதல் கைடு கர்வ். புதிதாகக் கற்பவர்கள் வடிவம் சரியாக வர வேண்டும் என்ற ஆர்வத்தில் ஸ்பிளைனில் புள்ளிகளை நெருக்கமாக வைப்பதுண்டு. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் வளைவில் ஒரு சிறு அலையை உண்டாக்கும் வாய்ப்பு இருப்பதால், நான்கு புள்ளிகளே போதும் என்று நான் கருதுகிறேன். கழுத்து நேராக எழும்பி நிற்க, ஸ்பிளைனின் மேல்முனையில் அதன் திசையைக் காட்டும் கைப்பிடிக்குச் செங்குத்து ரிலேஷனை (கட்டுப்பாட்டை) கொடுங்கள். பிறகு, வளைவின் அளவைச் சீப்பின் பற்கள் போலக் காட்டும் கர்வேச்சர் கோம்பை இயக்கிப் பாருங்கள். அதன் பற்கள் வளைவு மிகும் இடத்தில் நீண்டும் குறையும் இடத்தில் குறுகியும் இருக்கும். நீளம் படிப்படியாக மாறினால் கோடு நன்றாக இருக்கிறது, திடீரென ஏறி இறங்கினால் அங்குள்ள புள்ளியை நகர்த்தவோ நீக்கவோ வேண்டும். நேர்கோட்டையும் வட்டத்தின் ஒரு பகுதியான வில்லையும் டேன்ஜென்ட்டாக (திசை முறியாமல் தொடும்படி) இணைத்தாலும், இணையுமிடத்தில் வளைவு பூச்சியத்திலிருந்து சட்டென்று தாவுவதால், பளபளப்பான பரப்பில் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே இங்கு ஒரே ஸ்பிளைனைப் பயன்படுத்துவதே நல்லது.

இதே முறையில் ரைட் பிளேனில் இரண்டாவது கைடு கர்வை, 25 மி.மீ. தள்ளித் தொடங்கி 15 மி.மீ. தள்ளி முடியுமாறு வரையுங்கள். இரண்டும் மேலே ஒரே தொலைவில் முடிவதால், அடியில் நீள்வட்டமாக இருக்கும் வெட்டுமுகம் கழுத்தில் வட்டமாகிவிடும்.

இப்போது டாப் பிளேனில், ஆரிஜினை மையமாகக் கொண்டு நீள்வட்டம் ஒன்றை வரையுங்கள். அதற்கு அளவு எதுவும் கொடுக்கக் கூடாது. அளவு கொடுத்துவிட்டால் வெட்டுமுகம் இறுகிப்போய், கைடு கர்வோடு சேர்ந்து மாற முடியாது. மாறாக, நீண்ட அச்சின் முனைப்புள்ளியையும் முதல் கைடு கர்வையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துப் பியர்ஸ் ரிலேஷனைக் கொடுங்கள். குறுகிய அச்சின் முனையை இரண்டாவது கைடு கர்வோடு அவ்வாறே இணையுங்கள். வளைகோடு ஸ்கெட்ச்சின் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடத்திலேயே பியர்ஸ் அந்தப் புள்ளியைப் பொருத்துகிறது. புள்ளியைக் கோட்டின் மீது வைக்கும் கோயின்சிடென்ட் ரிலேஷனுக்கு இந்த உறுதி கிடையாது. ஸ்வீப் தோல்வியடையும்போது நான் முதலில் சரிபார்ப்பது இதைத்தான்.

இனி இன்செர்ட் மெனுவில் சர்ஃபேஸ், ஸ்வீப் என்று சென்று, நீள்வட்டத்தைப் புரொஃபைலாகவும் நேர்கோட்டைப் பாதையாகவும் தேர்ந்தெடுத்த பின், கைடு கர்வ்ஸ் பகுதியை விரித்து இரண்டு ஸ்பிளைன்களையும் சேர்த்தால் முன்னோட்டம் தெரியும். ஏற்றுக்கொண்ட பின், பரப்பின் மீது கறுப்பு வெள்ளைப் பட்டைகளைக் காட்டும் ஸீப்ரா ஸ்ட்ரைப்ஸை இயக்கி, மாடலை மெதுவாகச் சுழற்றுங்கள். பட்டைகள் ஒடியாமல் ஒழுகிச் சென்றால் பரப்பு சரியாக உள்ளது. எங்காவது நெளிந்தால், அதே உயரத்தில் உள்ள ஸ்பிளைன் புள்ளியைத் திருத்துங்கள், பரப்பு தானாகவே புதுப்பிக்கப்படும்.

இந்தப் பரப்பு இருபுறமும் திறந்திருக்கும். அடியையும் மேற்புறத்தையும் பிளானர் சர்ஃபேஸால் (தட்டையான பரப்பால்) மூடி, பரப்புகளை ஒன்றாக இணைக்கும் நிட் சர்ஃபேஸில் திடப்பொருளாக்கும் தேர்வைக் குறியிட்ட பின், மேல்முகத்தைத் தேர்ந்தெடுத்து, உள்ளே குடையும் ஷெல் கட்டளையைக் கொடுத்தால் பாட்டிலின் சுவர் உருவாகிவிடும்.