எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதை உலாவி சொல்லாமல் தடுப்பது எப்படி

ஒரு தளத்தில் உள்ள லிங்க்கை அழுத்தி இன்னொரு தளத்துக்குப் போகும்போது, உலாவி 'ரெஃபரர்' என்ற ஹெடரையும் (கோரிக்கையோடு போகும் ஒரு தகவல் வரி) சேர்த்து அனுப்புகிறது. எங்கிருந்து வருகிறீர்கள் என்பது அதில் இருக்கும். லிங்க்கை அழுத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பக்கத்துக்குள் வேறு சர்வரிலிருந்து வரும் படம், எழுத்துரு, விளம்பர ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றுக்கும் இந்த ஹெடர் போகிறது.

ஒரு காலத்தில் முழு முகவரியும் போய்க்கொண்டிருந்தது. தேடிய சொல், கடவுச்சொல்லை மாற்ற வந்த லிங்க்கில் இருக்கும் ரகசியக் குறியீடு எல்லாம் அதில் அடக்கம். 2020 ஆகஸ்டில் குரோம் 85, 2021 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 87 வந்தபின் நிலைமை மாறியது. வேறு தளத்துக்குப் போகும்போது டொமைன் பெயர் மட்டும் போகும். அதற்குப் பின்னால் உள்ளது வெட்டப்படும். பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ் பக்கத்திலிருந்து பாதுகாப்பில்லாத ஹெச்டிடிபி பக்கத்துக்குப் போனால் எதுவுமே போகாது. ஆனால் டொமைன் பெயரே பல விஷயங்களைச் சொல்லிவிடும். ஒரு நோயாளிகள் குழுவின் தளமென்றால் பெயரைத் தாண்டி என்ன வேண்டும்? தவிர, தளத்தை நடத்துபவர் நினைத்தால் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தவும் முடியும்.

முதலில் என்ன போகிறது என்று பாருங்கள். எஃப்12 அழுத்தி 'நெட்வொர்க்' டேபைத் திறந்து, பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் 'ரிக்வெஸ்ட் ஹெடர்ஸ்' பகுதியில் ரெஃபரர் வரி தெரியும். அந்த வரியே இல்லையென்றால் எதுவும் போகவில்லை என்று பொருள்.

ஃபயர்பாக்ஸில் இதைக் கட்டுப்படுத்துவது எளிது. முகவரிப் பட்டையில் 'அபவுட்:கான்ஃபிக்' தட்டி, எச்சரிக்கையை ஏற்று, தேடல் பெட்டியில் ரெஃபரர் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். நடுவில் ஒரே ஒரு 'ஆர்' போட வேண்டும். அகராதியில் உள்ளபடி இரண்டு போட்டால் நமக்கு வேண்டிய வரிகள் வராது. வரும் பட்டியலில் 'எக்ஸ்ஆரிஜின்பாலிசி' என்று முடியும் வரியை மாற்றினால் போதும். அதன் மதிப்பு 0 என்றால் எல்லாத் தளங்களுக்கும் போகும். 1 என்றால் அடிப்படை டொமைன் ஒன்றாக இருந்தால் மட்டும் போகும். 2 என்றால் துணை டொமைன் மாறினாலும் போகாது. 1 வையுங்கள். 2 வைத்தால், உள்நுழையும் பக்கத்தைத் தனித் துணை டொமைனில் வைத்திருக்கும் தளங்கள் தகராறு செய்யலாம்.

அதே பட்டியலில் 'செண்ட்ரெஃபரர்ஹெடர்' என்ற வரியும் இருக்கும். அதை 0 ஆக்கினால் எங்குமே, அதே தளத்துக்குள்கூட, ஹெடர் போகாது. பலர் நேராக இதைத்தான் மாற்றிவிட்டு, பிறகு படிவங்கள் அனுப்ப முடியவில்லை என்று தவிப்பார்கள். படிவம் தன் பக்கத்திலிருந்துதான் வந்ததா என்று சில தளங்கள் இந்த ஹெடரை வைத்தே சரிபார்க்கின்றன. உதாரணத்துக்கு, ஜாங்கோ என்ற மென்பொருள் கட்டமைப்பில் எழுதி ஹெச்டிடிபிஎஸ்ஸில் ஓடும் தளம், ஆரிஜின் ஹெடர் (கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று மட்டும் சொல்வது) வராதபோது ரெஃபரரைத் தேடும். அதுவும் இல்லையென்றால் அனுமதி இல்லை என்று 403 பிழை காட்டும். தளத்துக்குள் போகும் ரெஃபரரால் யாருக்கும் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை, அதை விட்டுவிடுங்கள்.

1 வைத்தபின் சில இடங்களில் படங்கள் வராமல் போகலாம். தங்கள் படங்களைப் பிறர் எடுத்துப் போடாமல் தடுக்கும் சர்வர்கள், ரெஃபரர் இல்லாத கோரிக்கையை மறுப்பதுண்டு. அப்போது மதிப்பைத் தற்காலிகமாக 0 ஆக்கிப் பாருங்கள். படம் வந்துவிட்டால் காரணம் இதுதான்.

குரோமின் அமைப்புகள் பக்கத்தில் இதற்கென்று பொத்தான் கிடையாது. ஹெடரை மாற்றும் எக்ஸ்டென்ஷன் போடலாம். ஆனால் நீங்கள் போகும் எல்லாப் பக்கங்களையும் பார்க்கும் அனுமதியை அது கேட்கும், ஒரு ஹெடரை மறைக்க இது பெரிய விலை. எப்போதாவது தேவைப்படுகிறது என்றால், லிங்க்கின் மேல் வலது கிளிக் செய்து மறைநிலை சாளரத்தில் திறங்கள். அல்லது முகவரியை நகலெடுத்துப் புது டேபில் ஒட்டுங்கள். கைப்பேசியிலும் ஒட்டும் வழி வேலை செய்யும். லிங்க்கைப் புது டேபில் திறப்பதால் மட்டும் பயனில்லை. அப்போதும் ரெஃபரர் போகும்.

சொந்தமாகத் தளம் வைத்திருப்பவர்கள் வாசகர்களின் உலாவியை நம்பி இருக்க வேண்டாம். 'ரெஃபரர்-பாலிசி' என்ற ஹெடரைச் சர்வரிலிருந்தே அனுப்புங்கள். இதில் நடுவில் இரண்டு 'ஆர்'. மதிப்பு 'சேம்-ஆரிஜின்' இருந்தால் வெளியே எதுவும் போகாது, உள்ளே எல்லாம் வழக்கம்போல நடக்கும். 'நோ-ரெஃபரர்' இன்னும் கடுமையானது, அதைத் தளம் முழுவதும் போடாதீர்கள். அது இருந்தால் படிவத்தோடு போகும் ஆரிஜின் ஹெடரும் 'நல்' ஆகிவிடும், உங்கள் சர்வரே உங்கள் படிவத்தை நிராகரிக்கலாம்.

என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் ஒரு பொறி இருக்கிறது. ஹெடரைச் சேர்க்கும் 'ஆட்_ஹெடர்' வரியை அதன் அமைப்புக் கோப்பின் சர்வர் பகுதியில் எழுதியிருப்பீர்கள். உள்ளே ஒரு லொக்கேஷன் பகுதியில் வேறு ஏதோ ஹெடருக்காக இன்னொரு 'ஆட்_ஹெடர்' இருந்தால், வெளியே எழுதியது அந்தப் பகுதிக்குப் பொருந்தாது. அங்கும் மறுபடி எழுத வேண்டும். கடைசியில் 'ஆல்வேஸ்' சேர்க்காவிட்டால் 404 போன்ற பிழைப் பக்கங்களுக்கும் ஹெடர் போகாது.

சர்வரைத் தொட முடியாதவர்கள் பக்கத்தின் ஹெச்டிஎம்எல் தலைப்பகுதியில் இதே கொள்கையைச் சொல்லும் மெட்டா டேக் போடலாம். ஆனால் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் தனி சிஎஸ்எஸ் கோப்பு அழைக்கும் படங்களையும் எழுத்துருக்களையும் அது கட்டுப்படுத்தாது; அவற்றுக்கு அந்தக் கோப்போடு வரும் ஹெடர்தான் கணக்கு.

'சேம்-ஆரிஜின்' போட்டபின் பக்கத்தில் பதித்த யூடியூப் வீடியோ பிழை 153 காட்டினால் பயப்பட வேண்டாம். எந்தத் தளத்தில் ஓடுகிறோம் என்று அது ரெஃபரரைப் பார்த்தே தெரிந்துகொள்கிறது. வீடியோவைப் பதிக்கும் அந்த ஐஃப்ரேம் டேகுக்கு மட்டும் 'ரெஃபரர்பாலிசி' பண்பில் 'ஸ்ட்ரிக்ட்-ஆரிஜின்-வென்-க்ராஸ்-ஆரிஜின்' கொடுங்கள், ஓடிவிடும்.

இவ்வளவு செய்தாலும், முகவரிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வரும் தகவலை ரெஃபரர் அமைப்பு தொடாது. கேள்விக்குறிக்குப் பின்னால் 'யுடிஎம்_சோர்ஸ்', 'எஃப்பிசிஎல்ஐடி' என்று நீளும் வால், எங்கிருந்து வந்தீர்கள் என்பதை அப்படியே சொல்லிவிடும். ஒட்டும்போது அந்தப் பகுதியை அழித்துவிடுங்கள். ஃபயர்பாக்ஸ் 120இலிருந்து, லிங்க்கின் மேல் வலது கிளிக் செய்தால் இந்த வாலை நீக்கி நகலெடுக்கும் வசதியும் இருக்கிறது.