மெயில் சர்வர் நெட்வொர்க் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மழைக்காலத்தில் ஏற்காட்டு எஸ்டேட் அலுவலகம் ஒன்றின் மெயில் சர்வருக்கு ஐ.பி. முகவரி மாற்ற வேண்டியிருந்தது. சேலத்தில் உட்கார்ந்தபடியே உள்ளே போனேன். முகவரி 192.168.10.5 என்று சரியாகத்தான் போட்டேன். கேட்வே, அதாவது வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி மட்டும், 10 வர வேண்டிய இடத்தில் பழக்கதோஷத்தில் 1 விழுந்து 192.168.1.1 ஆகிவிட்டது. சேவ் கொடுத்த நொடியில் தொடர்பு அறுந்தது. "சார், பச்சை லைட் எரியுதுங்க, மெயில்தான் வரலைங்க" என்று அங்கிருந்து போன். மறுநாள் காலை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், ஒரே ஒரு எண்ணைத் திருத்திவிட்டு இறங்கினேன்.

தொலைவிலிருந்து நெட்வொர்க் எண்களில் கைவைப்பதாக இருந்தால், சர்வர் பெட்டியோடு மானிட்டரும் கீபோர்டும் மாட்டி, பக்கத்தில் ஒரு ஆளையும் உட்கார வையுங்கள். பழைய எண்களைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முகவரியை ரவுட்டரே டி.எச்.சி.பி. (தானாக எண் வழங்கும் முறை) வழியாகக் கொடுக்கட்டும் என்று விடுவதும் தவறு. ஒரு கரண்ட் கட் போதும், சர்வருக்கு வேறு எண் கிடைத்துவிடலாம். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் உள்ளே ஒரு எண்ணுக்குத் தள்ளிவிடுவது) பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும், அங்கே பிரிண்டர் இருந்தாலும் சரி.

இன்னொன்று, பெட்டி வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது என்று அர்த்தம். நீங்கள் எந்த போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து மெயில் உள்ளே வராது. ஸ்டேட்டிக் ஐ.பி. (உங்களுக்கே உரிய, மாறாத பொது முகவரி) கேட்டு வாங்குங்கள். சர்வருக்குச் சர்வர் மெயில் கொடுக்கும் வாசலான போர்ட் 25 திறந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள். வீட்டு பிராட்பேண்டில் அதைப் பெரும்பாலும் அடைத்து வைத்திருப்பார்கள்.

அடுத்தது பெயர். சர்வரின் பெயரை 'லோக்கல்ஹோஸ்ட்' (எந்தக் கம்ப்யூட்டரும் தன்னைத்தானே கூப்பிடும் பெயர்) என்றே விட்டுவிடுகிறார்கள். மெயில் வாங்கும் சர்வர் மூன்று விஷயம் பார்க்கும்: நீங்கள் சொல்லும் பெயர் என்ன, டி.என்.எஸ்.ஸில் (பெயரையும் முகவரியையும் இணைக்கும் இணைய ஏடு) உங்கள் முகவரியைக் கேட்டால் எந்தப் பெயர் வருகிறது, அந்தப் பெயரைக் கேட்டால் அதே முகவரி திரும்ப வருகிறதா. முகவரியிலிருந்து பெயருக்குப் போகும் பி.டி.ஆர். பதிவை உங்கள் டொமைன் பக்கத்தில் வைக்க முடியாது, முகவரியைக் கொடுத்த இணைய நிறுவனம்தான் வைக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதைக் கட்டாயமாக்கிவிட்டது. சர்வரில் ஐ.பி.வி6 (புது வகை நீள முகவரி) இருந்தால் அதற்கும் தனியாகப் பதிவு வேண்டும். வைக்க முடியாவிட்டால் ஐ.பி.வி6 வழியாக மெயில் அனுப்புவதை நிறுத்திவிடுங்கள்.

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே மோசமான தவறு ரவுட்டரில்தான் நடக்கிறது, அதுவும் நல்ல எண்ணத்தோடு. அலுவலக வைஃபையில் இருக்கும் போனில் மெயில் திறக்கவில்லை, வெளியே போனால் திறக்கிறது என்பார்கள். உள்ளே இருக்கும் போன் பொது முகவரியைத் தேடி ரவுட்டர் வரை போய், அங்கிருந்து மடங்கி உள்ளேயே திரும்ப வேண்டும். அந்த மடக்கத்துக்கு நெட்வொர்க்காரர்கள் வைத்த பெயரும் ஹேர்பின், அதாவது கொண்டை ஊசிதான். இதைச் சரிசெய்ய வருபவர் அவசரத்தில், உள்ளே வரும் எல்லாப் போக்குவரத்துக்கும் அனுப்புநராக ரவுட்டரின் முகவரியையே மாட்டிவிடுகிறார். போனில் மெயில் திறந்துவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அன்றிலிருந்து உலகின் எந்த மூலையிலிருந்து யார் வந்தாலும் சர்வர் கண்ணுக்கு ரவுட்டரின் உள் முகவரியான 192.168.10.1 ஆகத்தான் தெரிவார். அந்த எண்ணோ 'நம்ம ஆள், பாஸ்வேர்டு வேண்டாம்' என்ற பட்டியலில் இருக்கும். ஸ்பேம் அனுப்புகிறவர்களுக்குத் திறந்த வீடு.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையின் சர்வர் லாகை (யார் வந்தார்கள் என்ற பதிவேட்டை) திறந்தபோது இதைத்தான் பார்த்தேன். வரிக்கு வரி அதே முகவரி. அவர்களுடைய பொது முகவரி அதற்குள் தடைப்பட்டியலில் ஏறிவிட்டது, வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்பிய பில்லெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. சரியான வழி, அலுவலகத்துக்குள் இருக்கும் டி.என்.எஸ்.ஸில் அதே பெயருக்கு உள் முகவரியைக் கொடுப்பது. அப்புறம் பாஸ்வேர்டு கேட்காத பட்டியலில் சர்வரைத் தவிர எதையும் வைக்காதீர்கள். பில் அனுப்பும் கம்ப்யூட்டர்கூட, பயனர்கள் மெயில் அனுப்பும் வாசலான போர்ட் 587இல் பாஸ்வேர்டு கொடுத்தே போகட்டும்.

டி.என்.எஸ். இடத்தில் கை தானாக 8.8.8.8 (கூகுளின் பொது டி.என்.எஸ்.) அடிக்கும். மெயில் சர்வரில் அது வேண்டாம். ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ், பொது டி.என்.எஸ். வழியாக வரும் கேள்விக்கு 127.255.255.254 என்ற பிழைக் குறியைத்தான் தரும். அதைத் 'தடை' என்று தவறாகப் படிக்கும் சர்வர், வருகிற நல்ல மெயிலையெல்லாம் திருப்பி அனுப்பிவிடும். பெட்டியிலேயே ஒரு ரிசால்வரை (டி.என்.எஸ். கேள்விக்குத் தானே விடை தேடும் நிரல்) ஓடவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, 'ஷோ ஒரிஜினல்' திறந்து, அங்கே எஸ்.பி.எஃப். (எந்த முகவரியிலிருந்து உங்கள் மெயில் வரலாம் என்று டொமைனில் எழுதிவைக்கும் பதிவு) பாஸ் என்று இருக்கிறதா, பக்கத்தில் இருப்பது உங்கள் ஸ்டேட்டிக் முகவரிதானா என்று பாருங்கள். பிறகு பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டு, அதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.